நடுவயதும் நல்லோட்டமும்

(கொத்மலையில் எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவிலே ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு எமது செயலாளர் என்னைப் பணித்தபோது, சமயமும் இளைஞரும் என்றோ, கல்வியின் மேன்மை என்றோ ஒரு தலைப்பைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஓட்டம். அதுவும் வாலிபர் ஓட்டமன்று. இதோ முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்ற, நாற்பதும் ஐம்பதும் கடந்த பெரியவர்களின் ஓட்டம். பின்வரிசையிலே சிரிப்பொலி கேட்கின்றது. சிரிக்கலாம். ஆனால் இந்தச் சிரிப்பைப்பற்றியே நான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இருபத்திரண்டு வயதுடைய ஒருவன், தன்னைத் தூக்கி வளர்த்த பெரியோருக்கு முன்னே நின்று உடம்பைப் பேணுவது எப்படி என்று உபதேசம் செய்வது முறையல்ல. ஆதலால் இதை உபதேசமாகக் கொள்ளாது, பிள்ளை ஒருவன் வீட்டுத் திண்ணையிலிருந்து பெற்றோரிடம் வைக்கும் விண்ணப்பமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலில் யாரிடம் இந்த விண்ணப்பத்தை வைக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து பறித்து, அதைத் தலைக்கயிற்றில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவரும் எங்கள் தாய்மார்களிடம் அல்ல. அவர்களைப் பார்த்து "அம்மா, தேகாப்பியாசம் செய்யுங்கள்" என்று சொல்வதற்கு எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்லுணவும். நான் பேசுவது, உட்கார்ந்த இடத்தில் உழைக்கும் நம்மவரைப்பற்றி. காரியாலயத்தில் கணக்கெழுதுகின்ற உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், கடை முதலாளிமார், ஓட்டோ ஓட்டுகின்ற அண்ணன்மார், பென்சன் எடுத்தவர்கள், பகலோடு கைக்காசு வேலையை முடித்துக்கொண்டு மாலை முழுவதும் பஸ் தரிப்பிடத்தில் அமர்ந்திருப்போர் ஆகியோரிடமே என் விண்ணப்பம். ஒரு தலைமுறைக்கு முன் மலையில் ஏறி இறங்காதவர் நம்மில் எவருமில்லை. பிள்ளைகள் படித்தார்கள், நாற்காலி கிடைத்தது. நாற்காலி கிடைத்தது நம் வெற்றி. அந்த வெற்றியோடு கூடவே இரத்த அழுத்தமும் நீரிழிவும் வந்து அதே நாற்காலியில் அமர்ந்துகொண்டன.

இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் நிகழ்வன என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் என்பனவே அவற்றுள் முதன்மையானவை. எம் பாட்டன்மார் காலரா, அம்மை, மலேரியா என்பவற்றுக்கு அஞ்சினார்கள். 1820களில் தொடங்கி மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையும் காட்டு வழியாக நடந்தே வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தார்கள். அந்தக் கொடிய நடையிலே தப்பிப் பிழைத்தோரின் சந்ததி நாம். நடக்காமையினால் மடிகின்ற சந்ததியாக நாம் ஆவதென்றால், அதைவிட முரணான விதி வேறு உண்டோ?

என் தாய்மாமன் ஒருவர் தோட்டக் காரியாலயத்திலே இருபத்தைந்து ஆண்டுகள் பேரேடு எழுதினார். 49ஆவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை, மேசைமேல் தலைசாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய மூத்த மகன் அந்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதவிருந்தான். அவன் எழுதவில்லை, கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மலையகத்திலே ஒரு தகப்பன் 49 வயதில் போனால் அவரோடு போவது ஓர் உயிர் மாத்திரமன்று. ஒரு பிள்ளையின் படிப்பும், ஒரு பெண்ணின் கலியாணமும், சில வேளைகளில் குடியிருக்கும் வீடுந்தான் போகின்றன. நான் இங்கே ஓட்டத்தைப்பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம் இதுவே.

உட்கார்ந்திருப்பது இருதயத்துக்குக் கேடு என்பது இன்று பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதை முதன்முதலில் எண்ணிக்கையால் நிறுவிய கதை நமக்கு மிகவும் நெருக்கமானது. ஏனெனில் அது பஸ் வண்டியில் நடந்த கதை. ஜெரி மொரிஸ் என்ற ஆங்கில வைத்தியர், இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலை செய்தோரை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே பாதை, ஒரே தரத்து மக்கள். சாரதி நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கொண்டக்டரோ டிக்கட் கொடுப்பதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குகிறார். மாரடைப்பு சாரதிகளுக்கு அதிகமாகவும், கொண்டக்டர்களுக்குக் குறைவாகவும் வந்தது. வந்தபோதும் கொண்டக்டர்களுக்குப் பிந்திய வயதிலேயே வந்தது. அவ்வாறே நடந்தும் சைக்கிளிலும் தபால் கொண்டுபோவோருக்கும், காரியாலயத்தில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர்க்கும் இடையில் வேறுபாடு காணப்பட்டது.

"சாரதிகள் ஆரம்பத்திலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா?" என்று கணக்கு வாத்தியார் ஒருவர் இங்கே கேட்கக்கூடும். மிக நியாயமான கேள்வி. மொரிஸ் அவர்களும் அதைக் கேட்டார். 1956ஆம் ஆண்டில், பஸ் ஊழியருக்குத் தைத்துக் கொடுத்த காற்சட்டைகளின் இடுப்பளவைப் பதிவேட்டிலிருந்து எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாரதிகளின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது! ஆயினும் இடுப்பளவு ஒத்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் கொண்டக்டருக்கே நன்மை நின்றது. தையற்காரரின் அளவுநாடாவை வைத்து இருதயத்தை ஆராய்ந்த இந்த மனிதர், தாமே தேகாப்பியாசத்தைப் பழக்கமாகக் கொண்டார். 1910இல் பிறந்து 2009இல், நூறு வயதை எட்டுந்தறுவாயில் காலமானார்.

சரி, இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தாயிற்று. இனி எழுந்து என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் படித்தவற்றுள் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது இதுவே.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டாலஸ் நகரிலே, இருபது வயதுடைய நல்ல சுகதேகிகளான ஐந்து வாலிபர்களை வைத்தியர்கள் மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். நடக்கவோ நிற்கவோ அனுமதியில்லை. மூன்று வாரம் முடிந்தபின் அவர்களுடைய உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலை அளந்தார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கும் அதிகமாக அது குறைந்துவிட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் சென்றன. அதே ஐவரும் ஐம்பது வயதினராக, பலர் தொப்பையோடு, மீண்டும் அதே வைத்தியர் குழுவினிடம் வந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை குறைத்த ஆற்றலை அளந்து பார்த்தபோது, அந்த மூன்று வாரக் கட்டில் குறைத்ததைக் காட்டிலும் அது குறைவாகவே இருந்தது! அதாவது, முப்பது வருடக் காலதேவன் செய்யாத அழிவை மூன்று வாரப் படுக்கை செய்திருக்கிறது. பின்னர் அந்த ஐவருக்கும் ஆறு மாதம் படிப்படியாக நடையும் மெல்லோட்டமும் சைக்கிளும் பழக்கினார்கள். ஆறு மாத முடிவில், முப்பது ஆண்டுகள் பறித்துக்கொண்டு போன ஆற்றலை அவர்கள் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பெரியோர்களே, நாம் வயது என்று பெயர் சூட்டிப் பழி போடுகின்றவற்றிலே ஒரு பெரும் பங்கு வயதினால் வந்ததன்று. நாற்காலியினால் வந்தது.

நம்மிலே நீரிழிவுள்ளோர் பலர். அவர்களுக்கு ஒரு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டும். இரத்தத்தில் உள்ள சீனி தசைக்குள் புகுவதற்கு இன்சுலின் என்னும் சுரப்பு திறவுகோலாக நிற்கிறது. நீரிழிவிலே அத்திறவுகோல் தேய்ந்துவிடுகிறது. ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்பொழுது, அத்திறவுகோல் இல்லாமலே அது வேறொரு கதவைத் திறந்து சீனியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காலின் பெருந்தசைகளே உடம்பின் மிகப் பெரிய தசைகள். ஆகையால் காலை இயக்குகின்றவர் மிகப் பெரிய கதவைத் திறக்கிறார். மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி நாளொன்றுக்கு ஆறு கோப்பை அருந்திவிட்டு அக்கதவை அடைத்தே வைத்திருப்பது என்ன நியாயம்? தேயிலையைக் கண்ணும் கருத்துமாய் வளர்க்கின்ற நாம், அதன் சுவையைச் சீனியினால் மூடிக் குடிக்கின்றோம் என்பது வேறொரு கூட்டத்திலே பேச வேண்டிய விஷயம்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன்.

நமது பேச்சு வழக்கைக் கவனியுங்கள். நம்மவர் வாயிலே ஓடுகின்றவன் யார்? ஒன்றில் பயந்தவன், அல்லது கடன்பட்டவன், அல்லது யாரோ வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு போனவன். மரியாதையுள்ள மனிதன் ஓடமாட்டான் என்று நமது மொழியே தீர்ப்புச் சொல்லி வைத்திருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவிலே பெரியவர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வைக்கிறோம். அவர் இரண்டடி ஓடித் தடுமாறினால் ஒலிபெருக்கிக்காரர் முதற்கொண்டு எல்லோரும் நகைக்கிறார்கள். ஒரு சவர்க்காரக் கட்டியைப் பரிசாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அப்பெரியவர் அடுத்த நாள் காலையில் ரோட்டிலே ஓடுவாரா? "கணக்கப்பிள்ளைக்கு என்ன வந்தது? வீட்டில் சண்டையா?" என்று கேட்கமாட்டார்களா? முழங்கால் வலியல்ல, நேரமின்மையல்ல, இந்த வெட்கமே நம்மைக் கட்டிப்போட்டிருக்கும் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருப்பவர்கள் என்னைப் போன்ற இளைஞர்கள்தாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வெட்கத்தை வென்றவர்கள் சிலரைப் பாருங்கள். நியூசிலாந்து தேசத்தின் ஓக்லாந்து நகரிலே ஆர்தர் லிடியார்ட் என்ற ஓட்டப் பயிற்சியாளர் இருந்தார். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியவர். அவருடைய ஊக்கத்தினால் 1962ஆம் ஆண்டில் அங்கே நடுவயதினருக்கான மெல்லோட்டச் சங்கமொன்று தோன்றியது. அச்சங்கத்திலே மாரடைப்பு வந்து பிழைத்தவர்களும் சேர்ந்து ஓடினார்கள். பந்தயமில்லை, பேசிக்கொண்டே ஓடுவதுதான் விதி. அதே ஆண்டில் பில் போவர்மன் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பயிற்சியாளர் அங்கு சென்று, அக்கூட்டத்தோடு தாமும் ஓடினார். மாரடைப்புகளைக் கண்ட ஒரு கிழவர் தம்மை விட்டுவிட்டுப் போகாமல் வேகத்தைக் குறைத்துத் துணைக்கு வந்ததைக் கண்டு நாணினார். வெட்கம் நல்ல பலனையும் தருவதுண்டு. அவர் ஊருக்குத் திரும்பி, ஓர் இருதய வைத்தியரோடு சேர்ந்து 1967இல் ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்காவின் நடுவயதினர் தெருவிலே ஓடத் தொடங்கியதற்கு அந்நூலும் ஒரு காரணம்.

வெள்ளைக்காரர் கதை நமக்கு ஒத்துவராது என்பீர்களாயின், நம்மவர் இருக்கிறார். சென்னை மாநகரின் மேயராக 2006 முதல் 2011 வரை இருந்த மா. சுப்பிரமணியன் அவர்கள் 1959இல் பிறந்தவர். 2004இல் நேர்ந்த ஒரு வாகன விபத்தில் அவரது முழங்கால் மோசமாகச் சேதமடைந்தது. நீரிழிவும் உண்டு. அரசியல்வாதிக்குரிய நேரங்கெட்ட வாழ்க்கை. இத்தனையும் இருந்தும், ஐம்பது வயதைக் கடந்தபின் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி, 21 கிலோமீற்றர் தூரமுள்ள அரை மரதன்களை நூற்றுக்கும் அதிகமாக ஓடி முடித்தார். 2021இல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சராகப் பதவியேற்ற பின்னரும் அவர் ஓட்டத்தை விடவில்லை. அமைச்சர் ஓடினால் மரியாதை குறையவில்லை. நம்முடைய பெரிய கிளாக்கர் ஓடினால் மாத்திரம் குறைந்துவிடுமா?

பெண்பாலாருக்கும் ஒரு சான்று வேண்டுமல்லவா? முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், 2023ஆம் ஆண்டில் தமது 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்று, மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியிலே 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கப் பதக்கங்களும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். யுத்தம் உருட்டிப்போட்ட மாவட்டத்திலிருந்து சென்ற அம்மையார் அவர்.

பௌஜா சிங் என்ற பஞ்சாபிப் பெரியவரையும் சொல்லாமல் விடமுடியாது. மனைவியையும் மகனையும் இழந்த துயரத்திலே, எண்பது வயதுக்குப் பின் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் இலண்டன் மரதனை ஓடினார். 2011இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே முழு மரதனை 8 மணித்தியாலம் 11 நிமிடத்தில் முடித்தபோது, கடவுச்சீட்டின்படி அவருக்கு வயது நூறு. ஆயினும் சாதனைப் புத்தகக்காரர் அதைப் பதிய மறுத்துவிட்டார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லையாம். தகப்பனின் பிறப்புக்குச் சான்று கேட்ட 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவராகிய நம் பாட்டன்மாரை நினைத்தால், அக்கிழவரின் நிலை நமக்கு நன்றாக விளங்கும். காகிதம் இல்லாவிட்டாலும் அவர் ஓடினது ஓடினதுதான். 2025 ஜூலையில், தமது சொந்தக் கிராமத்தின் அருகே வீதியில் வாகனம் மோதிக் காலமானார்.

நன்மையை மட்டும் சொல்லி ஆபத்தை மறைத்தால் நான் மருந்து விற்கிறவனாகி விடுவேன். ஜிம் பிக்ஸ் என்ற அமெரிக்கர், முப்பத்தைந்து வயதளவில் உடல் பருத்து, நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தவர், ஓடத் தொடங்கி மெலிந்து, புகையையும் விட்டு, 1977இல் ஓட்டத்தைப்பற்றி எழுதிய நூல் உலகெங்கும் விற்பனையாயிற்று. 1984ஆம் ஆண்டில், 52ஆவது வயதில், ஓட்டத்தின்போதே மாரடைப்பால் இறந்தார். "பார்த்தீர்களா, ஓடி என்ன கண்டார்?" என்று நாற்காலிக் கட்சியினர் இன்றுவரை அவரைக் காட்டுகிறார்கள். ஆனால் அவருடைய தந்தையார் 43 வயதிலேயே இருதய நோயால் இறந்தவர் என்பதையும், மகன் அதைவிட ஒன்பது ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. பரிசோதிக்காமல் ஓடாதே என்பதே அந்த மரணத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள். நெஞ்சு நோவு, நடக்கையில் மூச்சிரைப்பு, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம் என்பவற்றில் எது இருந்தாலும் முதலில் வைத்தியரைக் காணவேண்டும். 35 வயதுக்கு மேற்பட்டோருக்கு இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதிக்கும் நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளிலே உண்டு. நம்மவர் அங்கே போவது நோய் முற்றியபின் தான். ஓடும்போது நெஞ்சை அழுத்துவது போலவோ, இடது கை, தாடை நோவது போலவோ தோன்றினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். சீனி குறைக்கும் மருந்து எடுப்போர் சட்டைப் பையில் இரண்டு கற்கண்டுத் துண்டு வைத்திருப்பது புத்தி.

முழங்கால் தேய்ந்துவிடும் என்பது அடுத்த பயம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார், ஐம்பது வயது கடந்த ஓட்டக்காரர் சில நூறு பேரையும், ஓடாதோரையும் 1984 முதல் பின்தொடர்ந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளின் பின் ஓடாதோரில் 34 வீதத்தினர் இறந்திருந்தனர். ஓடியோரில் 15 வீதத்தினரே. சுகமுள்ளவர்தானே ஓட வருவார் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. அதைக் கழித்துப் பார்த்தும் வேறுபாடு நின்றது. முழங்கால்களைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்ததில் ஓடியோருக்கு மூட்டுத் தேய்வு கூடுதலாக இருக்கவில்லை. 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 55,000க்கும் மேற்பட்டோரைப் பார்த்து, நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிட மெல்லோட்டமுடையோரிடத்தும் இருதய மரணம் கணிசமாகக் குறைந்திருக்கக் கண்டது. பத்து நிமிடம்! பஸ் வரும்வரை காத்திருக்கும் நேரம் அதனினும் அதிகம்.

எப்படித் தொடங்குவது? முதல் இரண்டு வாரம் ஓடவே கூடாது. தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இவ்வாறு ஏழெட்டு முறை செய்யலாம். வாரத்துக்கு மூன்று நாள் போதும், இடைநாட்களில் நடை. பிறகு ஓடும் நிமிடத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்றால், மூன்று மாதமளவில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடலாம். வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல்: தேவாரத்தில் ஒரு வரியை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். சொல்ல முடியாவிட்டால் குறைக்க வேண்டும். பதிகம் முழுவதையும் இராகத்தோடு பாட முடிந்தால் சற்றுக் கூட்டலாம்.

நம் மலை ஓடுவதற்கு ஏற்றதன்று என்று சிலர் கூறுவர். குறுக்குப் படிகளில் ஓடினால் ஏற்றதன்றுதான். ஆனால் பழைய கரத்தைப் பாதைகளைப் பாருங்கள். மாடு இழுக்கக்கூடிய ஏற்றத்துக்குமேல் ஏறாதபடி, மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறார்கள். கொழுந்து வண்டிக்காக வெட்டிய அப்பாதைகளே நடுவயதுக் கால்களுக்கு மிக உகந்தவை. ஏற்றத்தில் நடக்கவேண்டும், சமதரையில் ஓடவேண்டும், இறக்கத்தில் குதிக்காமல் சின்ன அடி வைத்து இறங்கவேண்டும். முழங்காலைக் கெடுப்பது ஏற்றமன்று, இறக்கமே. றம்பொடை, புசல்லாவைப் பக்கத்துப் பெருவீதியில் ஓடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வளைவுகளிலே வரும் பஸ்களுக்கு மூடுபனியில் மனிதர் தெரிவதில்லை. வெள்ளைச் சட்டை அணிய வேண்டும். குளவிக்கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பதை அந்த மலையில் வேலை செய்வோரிடம் கேட்டறிய வேண்டும். அட்டை கடிக்கும், அது கடித்து யாரும் இறந்ததில்லை. சப்பாத்து வாங்க வசதியில்லாதவர் இருக்கிற கன்வஸ் சப்பாத்தோடு தொடங்கலாம். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கிலே எதியோப்பியரான அபேபே பிகிலா வெறுங்காலோடு மரதன் ஓடித் தங்கம் வென்றார். நம் பாட்டன்மாருக்கு வெறுங்கால் புதிதுமல்ல. ஆனால் நீரிழிவுள்ளோர் மாத்திரம் ஒருபோதும் வெறுங்காலோடு ஓடலாகாது. பாதத்திலே பட்ட காயம் அவர்களுக்குத் தெரியாமலே புரையோடிவிடும்.

இதெல்லாம் சமயச் சங்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று ஒரு பெரியவர் முன்கூட்டியே என்னிடம் கேட்டார். நான் கிறிஸ்தவ மிசன் பாடசாலையிலே படித்தவன். அங்கே ஜெபத்துக்கும் மைதானத்துக்கும் ஒரே மணிதான் அடிக்கும். புனித பவுலடிகளார் தமது நிருபங்களிலே பக்தனை ஓட்டக்காரனுக்கு ஒப்பிட்டிருக்கிறார் என்று அவர்கள் சொல்லித் தந்தபோது, எங்களிடம் அப்படி ஒன்றுமில்லையோ என்று எண்ணி வீட்டில் வந்து கேட்டேன். என் பாட்டியார் மாம்பழக் கதையைச் சொன்னார். முருகப் பெருமான் மயிலேறி உலகத்தைச் சுற்றப் போனார்; பிள்ளையாரோ தாய் தந்தையரைச் சுற்றி வந்து பழத்தைப் பெற்றார். நம் பெரியவர்களுக்குப் பிள்ளையார் கட்சிதான் பிடிக்கும். அதற்கும் நான் இணங்குகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையாரும் இருந்த இடத்தில் இருந்துகொண்டு மாம்பழம் பெறவில்லை. அத்தனை பெரிய வயிற்றோடும் எழுந்து ஒரு சுற்று வந்தார்! றம்பொடையிலே கோயில் கொண்டிருக்கும் ஆஞ்சநேயரைப்பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, கண்டி, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் வரை சென்ற விவேகானந்த சுவாமிகளும், வாலிபர்களுக்கு முதலில் உடல் வலிமையையே வலியுறுத்தினார். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவதாக நேர்த்தி வைக்கும் நாம், அதற்கு முன் கோயில் வீதியை ஒரு சுற்று ஓடக் கூடாதா?

ஆகவே எமது வாலிபர் பகுதி ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறது. வருகின்ற சனிக்கிழமை தொடக்கம், வாரந்தோறும் காலை ஐந்தரை மணிக்குக் கோயில் வாசலில் கூடுவோம். தொழிற்சாலை வளைவு வரை சென்று திரும்புவோம். பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞர் துணை. பெரியவரின் வேகமே இளைஞரின் வேகம். முந்திச் செல்லும் இளைஞருக்கு அடுத்த சனிக்கிழமை அனுமதியில்லை. பரிசில்லை, ஒலிபெருக்கியில்லை, முகநூலில் படம் போடுவதும் இல்லை. தாய்மார்களில் விரும்புவோர் மாலையில் பாடசாலை மைதானத்தில் கூடலாம். அதிபர் அவர்கள் மனமுவந்து இடம் தந்திருக்கிறார். அந்த நேரத்தில் மைதானத்தில் கிரிக்கட் விளையாடும் தம்பிமார் தாமாகவே வெளியேறி, மதிலில் ஏறி நின்று பார்க்காமலும் இருப்பதாக வாக்களித்திருக்கிறார்கள். முதல் வாரத்தில் சங்கத்துப் பிள்ளைகள் உங்களை வைத்தியசாலைக்கு அழைத்துப்போய், அழுத்தத்தையும் சீனியையும் பரிசோதிப்பித்து, வீட்டிலே கொண்டுவந்து விடுவார்கள்.

மண்டப வாயிலில், சந்தனக் கும்பாவுக்குப் பக்கத்திலே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயரும் வயதும் எழுதினால் போதும். முதலாவது பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அது என் தந்தையாருடைய பெயர். எழுதியவர் என் தாயார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது; இப்பொழுதுதான் தெரிந்திருக்கும்.